ஃப்ரெடி வீட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம்

2013-ஆம் வருடத் தொடக்கத்தில் லண்டனில் கென்சல் கிரீன் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சின்னப் பீடம் இருப்பதை யாரோ கண்டுபிடித்தார்கள். அதிலிருந்த தகட்டில் ஃபரோக் புல்சாரா என்று ஒரு பெயர், பிறந்த தேதி 5 செப்டம்பர் 1946, இறந்த தேதி 24 நவம்பர் 1991. அதற்குக் கீழே, என் முழு அன்போடு எப்போதும் உன் பக்கத்திலேயே இருக்க என்ற பொருளில் பிரெஞ்சில் ஒரு வரி, முடிவில் 'எம்' என்று ஒற்றை எழுத்து. குவீன் என்ற ராக் இசைக்குழுவின் ரசிகர்களுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? ஃபரோக் புல்சாரா என்பது அந்தக் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரிக்குப் பெற்றோர் வைத்த பெயர். எம் என்றால் அவருடைய முன்னாள் காதலியும் கடைசிவரை நெருங்கிய தோழியுமான மேரி ஆஸ்டின்தான் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டோம். இருபது வருடத்துக்கு மேலாக யாருக்கும் தெரியாமல் இருந்த, அவருடைய சாம்பல் புதைத்த இடம் கிடைத்துவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு.

நான் அந்த வருடம் வேலை விஷயமாக லண்டனில் இருந்தேன். பதினாறு வயதிலிருந்து குவீன் கேட்டு வளர்ந்தவன். வேறு யோசனையே இல்லாமல் ஒரு சனிக்கிழமை காலையில் கிளம்பிப் போனேன். கையில் செய்தியில் வந்த படம். கென்சல் கிரீன் சின்ன இடமில்லை, 1833-ல் திறந்தது, எந்தப் பக்கம் பார்த்தாலும் கல்லும் சிலுவையும் சாய்ந்த தூண்களும்தான். படத்தில் பின்னால் தெரிகிற மரத்தை அடையாளமாக வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் சுற்றியிருப்பேன். அதற்குள் அந்தத் தகட்டை யாரோ எடுத்துவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. கண்டுபிடித்த கொஞ்ச நாளிலேயே அது காணாமல் போயிருந்தது.

ஒரு பீடத்தின் பின்புறம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று முட்டி போட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன், பக்கத்துப் பாதையில் ஒரு வயதான அம்மா வந்து நின்றார். ஒரு கையில் தண்ணீர் பாட்டில், இன்னொரு கையில் காகிதத்தில் சுற்றிய மஞ்சள் பூக்கள். நான் வழிதவறி வந்துவிட்டேன் என்று நினைத்தாரோ என்னவோ, ரொம்ப மென்மையாகக் கேட்டார், "உங்கள் வீட்டார் யாராவது இங்கே இருக்கிறார்களா?" எனக்கு வாயில் பதிலே வரவில்லை. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவர் சரி என்று சொல்லிவிட்டு நாலு கல் தள்ளிப் போய், குனிந்து, பழைய பூக்களை எடுத்துக் காகிதத்தில் மடித்து வைத்துவிட்டு, பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லின் மேல் ஊற்றி, கர்ச்சீப்பால் எழுத்துகளைத் துடைத்தார். ஒவ்வொரு எழுத்தாக, பள்ளத்துக்குள் விரலை விட்டுத் துடைத்தார். நான் முட்டியில் ஒட்டிய மண்ணோடு எழுந்து நின்றேன். கையில் கேமரா இருந்தது, அதைப் பைக்குள் வைத்தேன். அன்றைக்கு வேறெதுவும் தேடவில்லை.

மேரி ஆஸ்டின் இதைப் பற்றிப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தகனம் முடிந்தபின் இரண்டு வருடம் அந்தச் சாம்பல் ஃப்ரெடியின் கார்டன் லாட்ஜ் வீட்டிலேயேதான் இருந்தது, அப்புறம் ஒரு நாள் வீட்டில் வேலை செய்கிறவர்களுக்குக்கூடத் தெரியாமல் தனியாக எடுத்துப் போய்ப் புதைத்தார். பிரபலங்கள் சிலருக்கு நடந்த மாதிரி யாரும் வந்து தோண்டிவிடக் கூடாது என்று ஃப்ரெடி நினைத்ததாகவும், இடத்தை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதாகவும், தான் சொல்லப்போவதே இல்லை என்றும் சொன்னார். நான் அதையெல்லாம் லண்டனுக்குப் போவதற்கு முன்பே படித்தவன். படித்துவிட்டுத்தான் தேடப் போனேன். அதுதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது. வேண்டாம் என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், அது எனக்குத் தெரியும், ஆனாலும் அவர் மேல் இருக்கிற பிரியமே அதை மீற எனக்கு உரிமை கொடுக்கிறது என்று நினைத்திருந்தேன்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் எங்கள் நண்பர் கூட்டம்தான். நாங்கள் ஏழெட்டுப் பேர் 2009-லிருந்து இரண்டு மாதத்துக்கு ஒரு முறை யாராவது ஒருவர் வீட்டில் கூடி ஒரு ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசி வரை பேசாமல் கேட்டுவிட்டு, அப்புறம் பேசுவோம். பாதி நாள் குவீன்தான். ஆனால் பேச்சு இசையில் தொடங்கிப் பத்தே நிமிடத்தில் வீட்டுக்குள் போய்விடும். மேரியா, கடைசிக் காலத்துக் காதலர் ஜிம் ஹட்டனா, யார் மேல் உண்மையான அன்பு, சொத்து ஏன் அவளுக்குப் போனது, எய்ட்ஸ் நோய் யாரிடமிருந்து வந்தது, அப்பா அம்மாவுக்குத் தெரியுமா தெரியாதா, குழுவில் பேஸ் கிடார் வாசித்த ஜான் டீக்கன் ஏன் மூஞ்சியைக் காட்டுவதில்லை. அந்தப் பேச்சுக்கெல்லாம் அதிகமாகக் கதை கொண்டு வந்து கொட்டியவன் நான்தான். நிறையப் படித்திருக்கிறேன் என்ற நினைப்பு.

அதில் ஒரு கதையை வருடக்கணக்கில் சொல்லி வந்தேன். எல்லாச் சொத்தும் மேரிக்குப் போனது, கடைசி ஆறேழு வருடம் கூடவே இருந்து பார்த்துக்கொண்ட ஜிம் வெறுங்கையோடு தெருவுக்கு வந்தார் என்பதுதான் அது. கேட்கிறவர்களுக்குக் கண்ணில் தண்ணீர் வரும். ஒரு நாள் கூட்டத்தில் ஒரு பெண், எங்களில் வக்கீல் படிப்பு படித்தவர், "உயிலில் என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா?" என்று கேட்டார். பிரிட்டனில் உயில் நிரூபணமானதும் பொது ஆவணமாகிவிடும், அதனால் அதன் விவரங்கள் எப்போதோ வெளியே வந்தவைதான். பார்த்தேன். கார்டன் லாட்ஜ் மேரிக்கு. மீதிச் சொத்தில் பாதி மேரிக்கு, கால் பங்கு பெற்றோருக்கு, கால் பங்கு தங்கை கஷ்மீராவுக்கு. ஜிம் ஹட்டனுக்கு 5,00,000 பவுண்டு. உதவியாளர் பீட்டர் ஃப்ரீஸ்டோனுக்கும் சமையல் பார்த்த ஜோ ஃபனெல்லிக்கும் அதே 5,00,000. ஜிம் அந்த வீட்டை விட்டுப் போக வேண்டி வந்தது உண்மை, அது அவருக்கு எவ்வளவு வலித்தது என்று அவரே எழுதியிருக்கிறார். ஆனால் வெறுங்கை என்பது பொய். அந்தப் பொய்யை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், அவர்கள் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்கள். நடுவில் உயிரோடு இருக்கிற ஒரு பெண்ணை நாங்கள் எல்லாரும் சேர்ந்து பேராசைக்காரி ஆக்கியிருந்தோம்.

அதற்கு அடுத்த வருடம் என் அப்பா இறந்தார். பதினைந்து நாள்கூட ஆகவில்லை, வீட்டுக்கு வந்தவர்களில் சிலர் ஓரமாக நின்று யார் பேருக்கு என்ன எழுதினார் என்று பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. அப்பா எங்களில் யாருக்கு எதைக் கொடுத்தார், ஏன் கொடுத்தார் என்பதற்குப் பின்னால் முப்பது வருடக் கதை இருக்கிறது, அதில் ஒரு வரிகூட அவர்களுக்குத் தெரியாது. தெரியாததால்தான் அவ்வளவு உறுதியாகப் பேச முடிந்தது. எனக்கு உடனே ஞாபகம் வந்தது எங்கள் கூட்டமும் அதில் நான் உட்காரும் நாற்காலியும்தான். அப்பாவை எரித்த அந்த வாரத்தில் போய் ஃப்ரெடி மெர்க்குரி ஞாபகம் வந்ததற்காக நான் வெட்கப்படவில்லை, அவரும் ஒரு வீட்டுப் பிள்ளை என்று அதற்கு முன்னால் எனக்கு உறைத்ததே இல்லை.

அதற்கப்புறம் எங்கள் பேச்சு முறை மெதுவாக மாறியது. சட்டம் போட்டு மாற்றவில்லை, போட்டால் யாரும் வரமாட்டார்கள். யாராவது ஒரு விஷயம் சொன்னால், இதை முதலில் சொன்னது யார், அப்போது அவர் அந்த அறையில் இருந்தாரா என்று கேட்க ஆரம்பித்தோம். இந்த ஒரு கேள்வியிலேயே முக்கால்வாசிக் கதை உதிர்ந்துவிடும். ஜிம் சொன்னது ஜிம் பார்த்தது. ஃப்ரீஸ்டோன் சொன்னது ஃப்ரீஸ்டோன் பார்த்தது. இரண்டும் சில இடத்தில் ஒத்துப்போகாது, அப்படி ஒத்துப்போகாததில் ஒன்றும் தப்பில்லை, ஒரே வீட்டில் இருக்கிற இரண்டு பேர் ஒரு மனிதரை இரண்டு விதமாகத்தான் பார்த்திருப்பார்கள். எந்தத் தேதியில் நடந்தது என்றும் கேட்போம். தேதியைச் சரிபார்ப்பது சாதாரண வேலைதான், ஆனால் எத்தனை பொய்களை அது பிடித்துக் கொடுத்திருக்கிறது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

உதாரணத்துக்கு ஃப்ரெடியைப் பற்றி 2018-ல் வந்த போஹீமியன் ராப்சடி திரைப்படம். அதைப் பார்த்துவிட்டுப் புதிதாக எத்தனையோ பிள்ளைகள் குவீன் கேட்க வந்தார்கள், எங்கள் கூட்டத்துக்கே மூன்று பேர் வந்தார்கள், அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் படத்தில் காட்டிய வரிசையை அவர்கள் அப்படியே வரலாறு என்று எடுத்துக்கொண்டார்கள். ஃப்ரெடி தனியாக ஆல்பம் போடப் போனதால் குழு உடைந்தது, லைவ் எய்ட் என்ற நிதி திரட்டும் கச்சேரிக்காக மறுபடி சேர்ந்தார்கள், அதற்கு முன் ஒத்திகையில் தனக்கு நோய் இருப்பதைச் சொன்னார் என்று படத்தில் வரும். லைவ் எய்ட் நடந்தது 13 ஜூலை 1985. அதற்கு இரண்டு மாதம் முன்னால், மே மாதம்வரை, குவீன் ஜப்பானில் கச்சேரி செய்துகொண்டிருந்தது. தனி ஆல்பம் போட்டதும் ஃப்ரெடி முதலில் இல்லை, டிரம்ஸ் வாசிக்கிற ரோஜர் டெய்லர் 1981-லேயே போட்டுவிட்டார். எச்ஐவி தொற்று உறுதியானது 1987-ல் என்றுதான் ஜிம் சொல்லியிருக்கிறார். படம் எடுத்தவர்கள் கதைக்காக மாற்றினார்கள், அது அவர்கள் தொழில். ஆனால் அந்த மாற்றத்தால், குழுவை விட்டுவிட்டுப் போனார், அதற்குத் தண்டனையாக நோய் வந்தது என்கிற மாதிரி ஒரு எண்ணம் பார்க்கிறவர் மனதில் உட்கார்ந்துவிடுகிறது, அதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. வந்த பிள்ளைகளிடம் படத்தைத் திட்டவில்லை. 1985-ன் தேதிகளை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன், அவர்களே கண்டுபிடித்தார்கள்.

நோயைப் பற்றிப் பேசும்போது எந்தச் சொல்லைப் போடுகிறோம் என்பதில் நான் இப்போது ரொம்பக் கறாராக இருக்கிறேன். யாரிடமிருந்து வந்தது என்ற கேள்வியை எங்கள் அறையில் யாரும் எடுப்பதில்லை, எடுத்தால் நான் வெளிப்படையாகவே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். அதனால் ஒருவர் ஒரு முறை கோபித்துக்கொண்டு போனார், போகட்டும். 1991-ல் அந்த நோய்க்கு இருந்த மருந்துகள் கொஞ்சம், இன்றைக்கு எச்ஐவி உள்ளவர்களை நீண்ட காலம் நலமாக வாழவைக்கிற கூட்டு மருந்துச் சிகிச்சை 1996 வாக்கில்தான் வந்தது. ஐந்தே வருடம். அந்தக் காலத்தில் பத்திரிகைக்காரர்கள் அவர் வீட்டு வாசலிலேயே கிடந்தார்கள், மெலிந்துபோன முகத்தைப் படம் எடுத்துப் போட்டார்கள். அந்த நிலையில் அவர் 22 நவம்பர் அன்று மேலாளர் ஜிம் பீச்சை வரவழைத்து, தனக்கு எய்ட்ஸ் இருப்பதைச் சொல்லும் ஓர் அறிக்கை தயார் செய்தார், அடுத்த நாள் வெளிவந்தது, அதற்கு அடுத்த நாள் சாயங்காலம் இறந்தார். ரசிகர்கள் சிலர், ஏன் முன்னாலேயே சொல்லவில்லை, சொல்லியிருந்தால் எத்தனையோ பேருக்கு உதவியிருக்குமே என்பார்கள். நியாயமான கேள்விதான், நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் வாசலில் கேமராவோடு ஆள் நிற்கிற வீட்டில் சாகக் கிடக்கிற ஒருவருக்கு அந்த மௌனம் எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்று யோசித்தபின், அந்தக் கேள்வியை அவரிடம் கேட்க எனக்கு மனம் வருவதில்லை.

இந்தியப் பக்கத்து ரசிகர்களுக்கு இன்னொரு தீராத குறை உண்டு. நம் ஆள் என்று அவர் ஒரு நாளும் சொல்லிக்கொள்ளவில்லையே, மறைத்துவிட்டாரே என்பது. பார்சி குடும்பம், அப்பா பொமி புல்சாரா கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத் தீவான ஜான்சிபாரில் பிரிட்டிஷ் அரசாங்கத்தில் கேஷியராக இருந்தார், பையனை எட்டு வயதில் இந்தியாவுக்கு, பஞ்ச்கனியில் ஒரு விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஃப்ரெடி என்று கூப்பிட ஆரம்பித்ததும், ஹெக்டிக்ஸ் என்ற முதல் குழுவில் பியானோ வாசித்ததும் அங்கேதான். 1964-ல் ஜான்சிபாரில் புரட்சி வந்தபோது குடும்பம் உயிருக்குப் பயந்து இங்கிலாந்துக்கு வந்து லண்டன் பக்கத்து ஃபெல்தாமில் குடியேறியது. அவர் ஈலிங்கில் ஓவியக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த 1968-ல்தான் ஈனாக் பவல் என்ற அரசியல்வாதி குடியேறிகளுக்கு எதிராகப் பேசிய பேச்சு அந்த நாட்டையே கலக்கியது. பெயரையும் பிறப்பையும் பற்றி அதிகம் பேசாமல் இருப்பதற்கு ஒரு இளைஞனுக்கு அங்கே காரணம் இல்லாமலில்லை. வீட்டுக்குள் அவர் அறுத்துக்கொண்டு போகவுமில்லை. அவருடைய இறுதிச் சடங்கைப் பார்சிகளின் சொராஸ்டிரிய மதக் குருமார்கள் அவர்கள் முறைப்படி நடத்தினார்கள், பெற்றோரும் தங்கையும் இருந்தார்கள். நமக்குச் சொல்லவில்லை என்பதும் மறைத்தார் என்பதும் ஒன்றில்லை என்று நான் கூட்டத்தில் வாதாடியிருக்கிறேன், ஒத்துக்கொள்ளாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

போய்ப் பார்க்கத்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு நான் இப்போது சொல்வது, குடும்பமும் குழுவும் தாங்களே திறந்துவைத்த இடங்களுக்குப் போங்கள் என்பதுதான். ஃபெல்தாமில் அவர்கள் முதலில் இருந்த வீட்டில் 2016-ல், இவர் வாழ்ந்த வீடு என்று சொல்லும் நீலப் பலகை பதித்தார்கள், தங்கையும் குழுவின் கிடார் கலைஞர் பிரையன் மேயும் வந்திருந்தார்கள். அந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்களோ அவர்களுக்குத் தொந்தரவில்லாமல் எதிர்ப் பக்கத்து நடைபாதையில் நின்று பார்க்கலாம். சுவிட்சர்லாந்தில் மோன்த்ரோவில் ஏரிக்கரையில் சிலை இருக்கிறது, 1996-லிருந்து. யாருக்கும் பயப்படாமல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம், பக்கத்தில் நின்று அழலாம், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். கார்டன் லாட்ஜ் இருக்கிற லோகன் பிளேஸ் தெருவுக்கும் நான் போயிருக்கிறேன், மறைக்கவில்லை. உயரமான செங்கல் சுவர், அதில் பச்சைக் கதவு, கதவு முழுக்க ரசிகர்கள் கிறுக்கியது. நானும் பேனாவை எடுத்தேன். எழுதிவிட்டேன்கூட. இப்போதாக இருந்தால் எழுதமாட்டேன். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் பிள்ளைகளோடு வாழ்ந்துகொண்டிருந்தது.

2023-ல் மேரி அந்த வீட்டிலிருந்த பொருள்களை ஏலம் விட்டபோது எங்கள் கூட்டத்தில் நடந்த சண்டை மாதிரி முன்னும் இல்லை பின்னும் இல்லை. சோத்பீஸ் நிறுவனம் நடத்திய ஏலம், ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட பொருள்கள், மொத்தம் ஏறக்குறைய 4 கோடி பவுண்டு. ஃப்ரெடி பாட்டுகளுக்கு இசையமைக்கப் பயன்படுத்திய யமஹா பியானோ மட்டும் 17 லட்சம் பவுண்டுக்குப் போனது. நான் கிறுக்கிய அந்தக் கதவுகூட 4 லட்சத்துக்கு மேல். ஒரு பக்கம் துரோகம் என்றார்கள், இன்னொரு பக்கம் அவருக்குச் சொந்தமானது, அவர் இஷ்டம் என்றார்கள். எனக்கும் மனசு ஆறவில்லை. பியானோ ஓர் அருங்காட்சியகத்துக்குப் போயிருக்க வேண்டும் என்று இன்னமும் நினைக்கிறேன், அதை நினைக்க எனக்கு உரிமை உண்டு, அது ஒரு இசைக்கருவியைப் பற்றிய கருத்து. ஆனால் அதிலிருந்து மேரி அவரை நேசித்ததே இல்லை என்று போவதற்கு வழி கிடையாது. முப்பத்திரண்டு வருடம் அந்த வீட்டை அப்படியே வைத்துக் காத்தவர் அவர். ஏலத்துக்கு முன்னால் அத்தனை பொருள்களையும் ஒரு மாதம் இலவசமாக யார் வேண்டுமானாலும் வந்து பார்க்க வைத்தார்கள், லட்சத்துக்கு மேல் ஆள் போய்ப் பார்த்தார்கள். வந்த பணத்தில் ஒரு பகுதி எய்ட்ஸ் தொண்டுக்குப் போனது. இதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு அப்புறம் திட்டுங்கள் என்றேன்.

ஃப்ரெடிக்கு ஒரு மகள் இருந்தார் என்று 2025-ல் ஒரு புத்தகத்தை ஒட்டிக் கிளம்பிய பேச்சுக்கு நாங்கள் செலவிட்டது ஐந்து நிமிடம். அவருக்கு நெருக்கமானவர்களே ஒரே குரலில் பேசாத விஷயம். யார் சொன்னது, எந்த அறையில் இருந்து சொன்னது என்று பார்த்தோம், அதற்கு மேல் போகவில்லை. பத்து வருடம் முன்னால் என்றால் நான் ராத்திரி முழுக்க அதையே பேசியிருப்பேன்.

ஜான் டீக்கன் விஷயத்தில் என் கருத்து இன்னும் உறுதியானது. ஃப்ரெடி இறந்தபின் மெல்ல ஒதுங்கினார், 1997 ஜனவரியில் பாரிஸில் ஒரு பாலே நிகழ்ச்சியில் கடைசியாக மேடை ஏறினார், அந்த வருடம் ஒரு பாட்டுக்குப் பேஸ் வாசித்தார், அதோடு சரி. 2001-ல் குவீனுக்கு ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபத்தில் இடம் கொடுத்தபோதும் வரவில்லை. ரசிகர்கள் சிலர் அவர் காருக்குப் போகும்போது எடுத்த படத்தைப் போட்டு, வயதாகிவிட்டது, சோர்ந்துவிட்டார் என்று பேசுவார்கள். அந்தப் படம் எங்கள் கூட்டத்துக்கு வந்தால் திறக்கவே மாட்டோம். போனவருடைய அந்தரங்கத்தைக் காப்பாற்றவாவது நாலு பேர் இருக்கிறார்கள். கூட இருந்த நண்பன் போனதும் இனி என்னால் வாசிக்க முடியாது என்று வீட்டுக்குப் போன மனிதரை வீட்டில் இருக்க விட வேண்டும். அவர் கொடுத்தது வேண்டுமென்றால் அவருடைய பேஸைக் கேளுங்கள். 1976 ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டை எடுத்து, குரலை மறந்துவிட்டுக் கீழே ஓடுகிற பேஸை மட்டும் தொடர்ந்து போய்ப் பாருங்கள், மனிதர் எவ்வளவு பேசுகிறார் என்று தெரியும்.

ஃப்ரெடி இல்லாத குவீன் குவீனா என்ற சண்டையில் மட்டும் நான் தாராளமாகக் கலந்துகொள்வேன், அது இசை சம்பந்தப்பட்டது. முதலில் பால் ராட்ஜர்ஸ் 2009 வரை பாடினார், அப்புறம் 2011 வாக்கில் தொடங்கி ஆடம் லாம்பர்ட். இரண்டுக்கும் குவீன் என்று மட்டும் போடாமல் கூடவே பாடகர் பெயரையும் சேர்த்துத்தான் போட்டார்கள். லாம்பர்ட் மேடையிலேயே, ஃப்ரெடி ஒருவர்தான், நான் அவர் இடத்துக்கு வரவில்லை என்று சொல்வார். எனக்கு ராட்ஜர்ஸ் ஒட்டவில்லை, நல்ல பாடகர், ஆனால் அந்தப் பாட்டுகளில் இருக்கிற கூத்து அவருக்கு வராது. லாம்பர்ட்டுக்கு வரும். ஒரு நண்பர் இதைக் கேட்டாலே எழுந்து போய்விடுவார். ஆனால் பிரையனும் ரோஜரும் காசுக்காக நண்பனை விற்கிறார்கள் என்று ஒருவர் சொன்னபோது நான் 20 ஏப்ரல் 1992-ஐ ஞாபகப்படுத்தினேன். வெம்ப்ளியில் நினைவுக் கச்சேரி, 72,000 பேர், அதில் வந்த பணத்தை வைத்து அவர்களும் ஜிம் பீச்சும் சேர்ந்து மெர்க்குரி ஃபீனிக்ஸ் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். எச்ஐவிக்காக இன்னமும் வேலை செய்கிறது. ஒவ்வொரு வருடமும் 5 செப்டம்பர் அன்று அவர் பிறந்த நாளை ஒட்டி அதற்குப் பணம் திரட்டுவார்கள், நாங்களும் ஆளுக்கு முடிந்ததைச் சேர்த்து அனுப்புகிறோம். சாம்பல் எங்கே என்று தேடுவதை விட்ட வருடத்திலிருந்து.

கூட்டத்தில் பேச்சு மறுபடி வீட்டுக்குள் போகப் பார்க்கும்போது எனக்குத் தெரிந்த ஒரே வழி, பாட்டைப் போட்டுவிடுவது. வாதத்துக்குப் பதிலாக அது வேலை செய்கிற மாதிரி வேறெதுவும் செய்து நான் பார்த்ததில்லை. எந்தப் பாட்டு என்பதும் முக்கியம். பெரிய அரங்கப் பாட்டுகளைப் போட்டால் எல்லாரும் கூடப் பாட ஆரம்பித்துவிடுவார்கள், அன்றைய பேச்சு அதோடு காலி. கொஞ்சம் கூர்ந்து கேட்டால்தான் பிடிபடுகிற மாதிரி ஒன்று வேண்டும்.

போன நவம்பர் 24 அன்று எங்கள் வீட்டில் கூடியிருந்தோம். புதிதாக வந்த ஒரு தம்பி, கல்லூரி இரண்டாம் வருடம், அவனுக்கு எல்லாமே புதுசு, கண்ணெல்லாம் பளபளப்பாகக் கேட்டான், "அண்ணா, அவரை எங்கேதான் புதைத்தார்கள்? உங்களுக்குத் தெரிந்திருக்குமே." எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கென்சல் கிரீன் கதை அவர்களுக்குத் தெரியும். நான் அவனுக்கு அந்த மஞ்சள் பூ அம்மாவைப் பற்றிச் சொன்னேன், அவர் எழுத்துகளைத் துடைத்ததைச் சொன்னேன், மேரி சொன்னதையும் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், சரிண்ணா, அப்படியென்றால் அவர் கடைசியாகப் பாடியது எது என்றான்.

மதர் லவ் என்றேன். 1991 மே மாதம், மோன்த்ரோ ஸ்டுடியோவில், நிற்கவே கஷ்டப்பட்ட நிலையில் ஃப்ரெடி பாடியது. பிரையன் வரிகளை எழுதி எழுதிக் கொடுக்க, ஒவ்வொன்றாகப் பாடிப் பதிவு செய்தார். கடைசிச் சரணம் வரும்போது, இப்போது முடியவில்லை, திரும்பி வந்து பாடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை. 1995-ல் ஆல்பம் வந்தபோது அந்தச் சரணத்தைப் பிரையனே பாடினார். இவ்வளவுதான் சொன்னேன், விளக்கை அணைக்கச் சொன்னேன், பாட்டைப் போட்டேன்.

நாலு நிமிடம் சொச்சம். தம்பி தரையில் சம்மணம் போட்டு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஃப்ரெடி இரண்டாவது சரணத்தில் குரலை மேலே கொண்டு போகிற இடத்தில் அவன் தலை நிமிர்ந்தது. நடுவில் கிடார் வந்து போனது. அப்புறம் கடைசிச் சரணம், வேறொரு குரல், மெல்லிசாக, கொஞ்சம் தயங்கி, தன்னுடையதில்லாத இடத்துக்குள் காலெடுத்து வைக்கிற மாதிரி. தம்பி என் பக்கம் திரும்பி, இங்கேதானா என்று கையால் கேட்டான். ஆமாம் என்று தலையாட்டினேன்.